ஸ்பேனர் வைத்தியம்

சொட்டுகிற குழாயைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். எங்கோ உள்ளறையில் ஒரு சொட்டு விழுகிற சத்தம் கேட்டுவிட்டால் போதும். வந்த காரியம், நலம் விசாரிப்பு எல்லாம் அப்புறம்தான். மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்று மாமியார் அவரைப் பார்த்தது வெறும் இரண்டு காலாகத்தான். மற்ற பாகமெல்லாம் சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்தது. மாப்பிள்ளை நல்ல காரியக்காரர் என்று அன்றைக்கே பெயர் வாங்கிவிட்டார். மாப்பிள்ளைக்குத் தெரிந்த காரியம் அது ஒன்றுதான் என்பது போகப் போகத் தெரிந்தது.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் அழுக்குப் படாமல் பத்திரமாக இருக்கிறது. வரிசையாக நிற்கும் ஐந்து அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் அவர்தான் பிளம்பர். அந்த ஐந்திலும் குழந்தை குட்டி முதல் வாட்ச்மேன் வரைக்கும் அவரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அதைப் பட்டம் கிடைத்த மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். இருபது வருஷத் தொழிலில் அவர் கண்டெடுத்த தத்துவம் ரொம்பச் சின்னது. உலகத்தில் கசிவு இரண்டு வகை: இறுக்காததால் வருவது, சரியாக இறுக்காததால் வருவது. மூன்றாவது வகை இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த ஆளுக்கு மரை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார். நியாயமாகச் சொன்னால், கட்டடங்களைப் பொறுத்தவரை அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஒரு மனுஷனைக் கெடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த ஒரே பெண்ணுக்கு உணவுக்குழாய் பாதி வழியிலேயே நின்றுபோயிருந்தது. வாயிலிருந்து கிளம்பியது நெஞ்சுக்குள் எங்கோ முட்டுச்சந்தாக முடிந்தது. வயிற்றிலிருந்து கிளம்பியது அதற்கு எட்டாமல் கீழே நின்றது. ஊரார் வீட்டுக் குழாயையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தவர், டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டிய படத்தை இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, நடுவில் ஒரு கப்ளிங் போட முடியாதா என்று கேட்டார். அந்த டாக்டர் நல்லவர். சிரிக்காமல், கிட்டத்தட்ட அதைத்தான் செய்யப்போகிறோம் என்றார். பிறந்து மூன்றாம் நாள் விலாப் பக்கம் கிழித்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். ஒரு ஜாண் நீளத்துக்குத் தழும்பு. ஒரு ஜாண் என்பது நம் கைக்கு. அந்தக் குழந்தைக்கு அது முதுகில் தொடங்கி மார்பு வரைக்கும் வந்தது.

சேர்த்ததென்னவோ சேர்ந்துவிட்டது. விழுங்கத்தான் வரவில்லை. வாயில் விடுகிற பாலில் பாதி வயிற்றுக்குப் போனால் பாதி நுரையீரலுக்குப் போனது. ஒன்றரை வயதுக்குள் மூன்று தடவை நிமோனியா. கடைசியில், வாய் வேலைக்கு ஆகிறவரை நேராக வயிற்றுக்கே கொடுத்துவிடலாம் என்று தொப்புளுக்கு மேலே இடது பக்கம் ஒரு குழாய் வைத்தார்கள்.

பென்சில் கனம்கூட இருக்காது அது. இரைப்பைக்குள்ளே ஒரு வில்லை, வெளியே தோலின் மேல் ஒரு வில்லை, நடுவில் குழாய். உள்வில்லை குழாயோடு ஒட்டியது, வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். வெளிவில்லை நகரும், உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளும். குழாயின் மேல் அளவுகோல் மாதிரி எண்கள் போட்டிருக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் ஒரு தாள் கொடுத்தார். தினமும் குழாயைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு சுற்றுச் சுற்றி, பழைய இடத்துக்கே இழுத்துவிட வேண்டும். வெளிவில்லைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு நாணயம் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு.

அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மூன்று வருஷம் ஒட்டியிருந்தது. மூன்று வருஷமும் அதில் எழுதியபடி எழுத்துப் பிசகாமல் செய்தது அவருடைய மனைவி. அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மார் தட்டிக்கொள்ள அவளுக்கு நேரமில்லை. பால் கசிந்தால் துடைத்தாள், கவுன் நனைந்தால் மாற்றினாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குப் பெரிய சலவை நிலையத்தில் வேலை. ஆஸ்பத்திரித் துணி, ஓட்டல் துணி என்று எத்தனையோ கறையைப் பார்த்தவள். ஒரு சொட்டுப் பாலுக்கெல்லாம் அசைந்துகொடுக்கிற ஆளில்லை.

குழந்தைக்கு நாலு வயது முடிந்து மழலையர் பள்ளியில் சேர்த்ததும் அவள் திரும்பவும் சலவை நிலையத்துக்குப் போகத் தொடங்கினாள். காலை ஆறரைக்கு ஷிப்ட். கட்டடத்து வேலைகள் பத்து மணிக்கு மேல்தான் என்பதால், காலையில் குழந்தையைக் குளிப்பாட்டி, பால் ஊற்றி, பள்ளியில் விடுவது ஸ்பேனர் பொறுப்பு என்றானது. அவள் தாளைக் காட்டி ஒரு தடவை சொல்லிக்கொடுக்க வந்தாள். அவர் சிரித்துவிட்டார்.

"குழாய்னு வந்தாச்சுன்னா அது என் டிபார்ட்மெண்ட். நீ நிம்மதியா வேலைக்குப் போ."

தாளை அவர் படிக்காமல் இல்லை. காலையில் காப்பிக் கோப்பையோடு நின்று முழுசாகப் படித்தார். இடைவெளி விடச் சொல்லியிருந்த இடத்துக்கு வந்ததும் அவருக்கு எழுதினவர் மேல் இரக்கமே வந்துவிட்டது. பாவம், ஆயுளில் ஒரு குழாயைக்கூட மாட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளி டீச்சர் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். குழந்தையின் கவுன் முன்பக்கம் ஈரமாகிவிடுகிறது, பால் வாடை வருகிறது என்று பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் நகர்ந்துவிடுகிறார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று நயமாகத்தான் சொன்னார். அவர் முகம் விழுந்துவிட்டது. தன் மகளைக் கண்டு பிள்ளைகள் நகர்ந்து உட்காருவது ஒரு பக்கம். தன் சொந்த வீட்டில், தன் சொந்தக் குழந்தையிடம் ஒரு கசிவு இருக்கிறது, அதை ஒரு டீச்சரம்மா கண்டுபிடித்துச் சொல்கிறார் என்பது இன்னொரு பக்கம். எது அதிகமாக வலித்தது என்று கேட்டால் முதலாவது என்றுதான் சொல்வார். நாமும் நம்பி வைப்போம்.

மறுநாள் காலை வெளிவில்லையை மூன்றரையிலிருந்து மூன்றுக்குத் தள்ளினார். தோலோடு பதிந்து உட்கார்ந்தது. கசிவு நின்றது. ஸ்விட்சைப் போட்டு அணைத்த மாதிரி நின்றது. அன்றைக்கு ஸ்பேனர் தரையில் நடக்கவில்லை. பெரிய பெரிய டாக்டர்களுக்கெல்லாம் மூன்று வருஷமாக எட்டாததை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டதாக வாட்ச்மேனிடம் சொன்னார். லிஃப்டில் ஏறியவர்களிடம் சொன்னார். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. நல்ல செய்தியைப் பொறுமையாகச் சொல்லலாம் என்று இருந்தாராம்.

குழாய் வளராது, குழந்தை வளரும் என்கிற சங்கதி அவர் கணக்கில் வரவில்லை. வயிற்றுக்கு நேராகச் சத்து போனதால் மகள் கன்னம் பூரித்து, தொப்பை வைத்து, பார்ப்பவர் கண் படும்படி தேறிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு வில்லை, வெளியே ஒரு வில்லை, நடுவில் வயிறு தடித்துக்கொண்டே போனது. நெருக்கம் தானாகவே கூடியது. அது போதாதென்று ஒரு நாள் லேசாகக் கசிந்தபோது இரண்டே முக்காலுக்குக் கொண்டுவந்தார்.

அதற்கப்புறம் குழாய் சுற்ற மறுத்தது. இழுத்தால் வராது, தள்ளினால் போகாது. சிமெண்டில் நட்ட மாதிரி நின்றது. வேறு யாராக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். இவரோ, செட்டாகிவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொண்டார். அசையாத ஜாயிண்ட்தான் நல்ல ஜாயிண்ட்.

பிறகு பால் இறங்க மறுத்தது. சாதாரணமாக, பெரிய சிரிஞ்சின் தள்ளுகோலை எடுத்துவிட்டு, வெறும் உருளையைக் குழாயில் செருகி உயர்த்திப் பிடித்தால் பால் தன்பாட்டில் இறங்கும். இப்போது அது இறங்காமல் அப்படியே நின்றது. அவர் தள்ளுகோலைப் போட்டு அழுத்தினார். கொஞ்சம் போனது. இன்னும் அழுத்தினார். ஐந்து நிமிஷ வேலைக்கு முப்பது நிமிஷம், நாற்பது நிமிஷம் ஆனது. மாலையில் மனைவி ஊற்றும்போதும் நேரம் எடுத்தது; பால் கெட்டியாக இருக்கிறது, தண்ணீர் சேர்த்துக் கலக்கு என்று அவளுக்கு யோசனை சொன்னார். பாலில் இருந்தது குறை, குழாயில் இல்லை. வில்லையைச் சுற்றித் தோல் சிவந்தது, மறுபடியும் கசியத் தொடங்கியது. இறுக்கியும் கசிகிறது என்றால் என்ன அர்த்தம்? இறுக்கினது போதவில்லை என்று அர்த்தம். இரண்டரை. அடுத்த வாரம், இரண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை குழந்தைக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. வில்லையின் ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. அன்றைக்கு மனைவிக்கு விடுமுறை. கவுனைத் தூக்கிப் பார்த்தாள், கணவனின் முகத்தைப் பார்த்தாள், குழந்தையைத் தூக்கி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஸ்பேனர் பின்னாலேயே ஓடினார்.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தது டியூட்டி டாக்டர். இளைஞர், வேகமானவர், வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், குழாயை இரண்டு விரலால் பிடித்து லேசாகத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை.

"கடைசியா எப்போ சுலபமா சுத்துச்சு?"

மனைவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அது ஒன்று போதாதா? ஸ்பேனர் வாயிலிருந்து, எண்ணெய் போட்ட கீல் மாதிரி, பச்சைப் பொய் ஒன்று சத்தமில்லாமல் வெளியே வந்தது.

"முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தான் சுத்துச்சு டாக்டர்."

டாக்டர் முகம் தெளிந்தது. இரண்டே நாள் என்றால் பெரிய விஷயமில்லை, லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார். கொஞ்சம் அழுத்தி உள்ளே தள்ளி ஒரு திருப்புத் திருப்பினால் விட்டுவிடும், மருந்து எழுதித் தருகிறேன், வீட்டுக்கே போய்விடலாம் என்றார். மனைவி மூச்சு விட்டாள். ஸ்பேனரும் விட்டார். தப்பித்துவிட்டோம் என்கிற நிம்மதி எத்தனை நேரம் நீடித்தது என்றால், டாக்டர் புதுக் கையுறை மாட்டிக்கொள்கிற நேரம்.

டாக்டர் குழாயை முழுக் கையால் பற்றினார். மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டார். குழந்தையின் வயிற்றில் மறு கையை ஊன்றிக்கொண்டார். ஸ்பேனருக்கு அந்தப் பிடி தெரியும். இருபது வருஷமாக அவர் பிடிக்கிற பிடி அது. அந்தப் பிடி எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரியும். பழைய கட்டடங்களில் சுவருக்குள்ளே புதைந்த வால்வு இருக்கும். வருஷக்கணக்கில் அசையாமல் இறுகிப்போனது. அவசரத்தில் அதை மல்லுக்கட்டித் திருகினால் வெளியே ஒன்றும் ஆகாது. உடைவது சுவருக்குள்ளே. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கீழ்வீட்டுக் கூரை ஊறித் தொங்குகிறவரை யாருக்கும் தெரியாது. இறுக்குவதில் மன்னனான அவர் தொழிலில் கற்ற உருப்படியான பாடம் அது ஒன்றுதான்: இறுகி நாளானதைப் பலவந்தம் பண்ணக் கூடாது. முந்தாநாள் இறுகியதா, இரண்டு மாதத்துக்கு முன்னால் இறுகியதா என்பது தெரியாமல் கையே வைக்கக் கூடாது.

அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"டாக்டர், கையை எடுங்க," என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "ரெண்டு நாள் இல்ல. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. நான்தான் இறுக்கினேன். நாலு தடவை இறுக்கினேன்."

டாக்டர் கையை எடுத்துவிட்டார். மனைவி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையின் கவுனை மெல்ல இழுத்துவிட்டாள். அவள் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

வயிற்று டாக்டரை வரவழைத்தார்கள். குட்டையான அம்மா, மூக்கின் நுனியில் கண்ணாடி, குழந்தைகளின் வயிற்றுக்குள் ஸ்கோப் என்கிற கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பதே வேலை. அவர் கேட்கக் கேட்க, ஸ்பேனர் பள்ளிக்கூடப் பையனாட்டம் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார்: எந்த வாரம் மூன்று, எந்த வாரம் இரண்டே முக்கால், சுற்றுவது எப்போது நின்றது, தள்ளுகோலை எப்போது போட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க இனி என்ன இருக்கிறது?

"பிரமாதம்," என்றார் அந்த அம்மா. "ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஞாபகம் வச்சிருக்கீங்க. அந்தத் தாள்ல இருந்த ஒரே ஒரு வரிதான் ஞாபகம் இல்ல போல."

பிறகு மனைவியைப் பார்த்து விளக்கினார். வெளியே இறுக்க இறுக்க, உள்வில்லை இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு சுவருக்குள்ளேயே புதைந்துவிட்டது. அதன் மேல் சதை வளர்ந்து மூடிவிட்டது. அதனால்தான் பால் இறங்கவில்லை. அதைக் கையால் தள்ளியிருந்தால் இரைப்பை வயிற்றுச் சுவரிலிருந்து பிய்ந்துபோய், ஊற்றுகிற பால் குடலைச் சுற்றிக் கொட்டியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. இவர் சொன்னது நல்லதாகப் போயிற்று. முன்பே சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணாடிக்கு மேலாக ஸ்பேனரைப் பார்த்தார்.

"திறக்கணுமா?" என்று கேட்டாள் மனைவி. அவள் கை தன்னையறியாமல் குழந்தையின் விலாத் தழும்பின் மேல் இருந்தது.

"வாய் வழியா ஸ்கோப் விட்டு முயற்சி பண்றேன்," என்றார் டாக்டர். "இந்தக் குழாய் வழியா ஒரு மெல்லிய கம்பி இரைப்பைக்குள்ள போயிடுச்சுன்னா போதும், திறக்க வேண்டாம். மேல மூடின சதையை உள்ளே இருந்தே கீறிவிட்டு, வில்லையை உள்பக்கம் தள்ளி, வாய் வழியா எடுத்துடலாம். அதே ஓட்டைல புதுக் குழாய். ஆனா கம்பி போக வழி இருக்கணும். முழுக்க அடைஞ்சிருந்தா வேற வழியில்ல, வயித்தைத் திறந்துதான் ஆகணும். இப்போதைக்கு எனக்கே தெரியாது."

ஒரு கம்பி நுழைகிற வழி. அவ்வளவுதான் கேள்வி. அந்த வழியைத்தான் ஸ்பேனர் இரண்டு மாதமாக, காலையில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, சுத்தபத்தமாக அடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று முழுக்க நரம்பு வழியாக மருந்தும் சத்து நீரும் ஏற்றினார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் கை கழுவுவது எப்படி என்று ஆறு படங்கள், மூலையில் ஒரு குடிநீர் இயந்திரம். அதன் குழாய் தட்டில் சொட்டிக்கொண்டே இருந்தது. ஸ்பேனர் அதற்கு நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இதோ வருகிறது என்று அவர் தயாரானார். வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதைப் பூராவும் முந்தின நாளிலிருந்தே மனசுக்குள் பட்டியல் போட்டு வைத்திருந்தார். மூன்று வருஷம் நான் பார்த்துக்கொண்டேன், மூன்று மாதம் உன்னை நம்பி விட்டேன் என்பாள். ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாயே, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா என்பாள். டாக்டரிடமே புளுகினாயே, உன்னை என்ன செய்தால் தகும் என்பாள். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: தலை குனிந்துகொள்வது.

அவள் அதில் எதையுமே சொல்லவில்லை.

"ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை நான்தான் குளிப்பாட்டினேன்," என்றாள். "சுத்திப் பார்த்தேன். சுத்தல. எனக்குப் பக்குனு இருந்துச்சு. உங்ககிட்ட கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவர்தானே குழாய்க்காரர், நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. தன் தவறைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்பேனர் எதிர்பார்த்து வந்த அடிகள் எல்லாம் தாங்கக்கூடியவை. இதற்கு அவரிடம் தயார் பண்ணி வைத்த முகம் இல்லை. அன்றைக்கே அவள் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டாம். அவள் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டது யார் என்று யோசிக்க அவருக்கு நிறைய நேரம் கிடைத்தது. ஒன்றரை மணி நேரம்.

"நீ ஒண்ணும் பண்ணல," என்று கடைசியில் சொன்னார். அவள் எழுந்து வேறு நாற்காலிக்குப் போகவில்லை.

கதவு திறந்தபோது மணி பத்து நாற்பது. டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். கம்பி போய்விட்டது என்றார். உள்ளே பார்த்தபோது வில்லை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடும் அதன் நடுவில் ஊசிமுனை மாதிரி ஒரு துளையும்தான் இருந்ததாம். அந்தத் துளை வழியாகத்தான் இத்தனை நாள் பால் போயிருக்கிறது. மேட்டை நாலு பக்கமும் கீறி, வில்லையை விடுவித்து, வாய் வழியாக எடுத்தாகிவிட்டது. வயிற்றில் புதுத் தையல் எதுவும் இல்லை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அந்தத் துளையும் மூடியிருக்கும் என்று சொல்லிவிட்டு, ஸ்பேனர் கையெடுத்துக் கும்பிடப் போனதைப் பார்த்து, அதற்கெல்லாம் நேரமில்லை என்பதுபோல் நடந்துவிட்டார்.

மறுநாள் வார்டில் சிஸ்டர் இருவரையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். கொஞ்சம் ஆறியதும் தினமும் தள்ள வேண்டும், சுற்ற வேண்டும், இழுத்துவிட வேண்டும். எண் நாலு. குழந்தை வளர வளர மாற்ற வேண்டும், அதுவும் இவர்களாக இல்லை, இங்கே வந்து. ஸ்பேனர் குனிந்து, வில்லைக்கும் தோலுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தேகம் கிளம்பி வந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சிஸ்டர், இவ்வளவு லூஸா இருந்தா கசியாதா?"

"கொஞ்சம் கசியும்."

"கசிஞ்சா என்ன பண்ணணும்?"

"துடைக்கணும்," என்றார் சிஸ்டர்.

இருபது வருஷத்தில் இப்படி ஒரு வைத்தியத்தை அவருக்கு யாரும் சொன்னதில்லை. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பிற்பகல் புதுக் குழாயில் முதல் பால். நீங்களே ஊற்றுங்கள் என்று சிஸ்டர் உருளையை ஸ்பேனர் கையில் கொடுத்தார். மனைவி பால் டம்ளரை நீட்டினாள். அவர் வலது கையில் உருளையையும் இடது கையில் தள்ளுகோலையும் தயாராகப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் தள்ளுகோலை வாங்கி மேஜையில் வைத்துவிட்டார்.

குழந்தை தலையணையில் சாய்ந்திருந்தாள். சிரிஞ்சைக் கண்டதும் கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். கண்ணை மூடினாள். கீழுதட்டை மடித்துப் பல்லுக்கடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு மாதமாகப் பால் ஊற்றுகிற நேரமெல்லாம் அவள் இப்படித்தான், வீட்டுக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடப்பாள். என்ன சமர்த்து, எவ்வளவு ஒத்துழைக்கிறாள் என்று அவர் லிஃப்டில் வருகிறவர்களிடம் மெச்சியிருக்கிறார்.

பாலை ஊற்றி உருளையை உயர்த்தினார். பால் இறங்கியது. யாரும் அழுத்தவில்லை, யாரும் தள்ளவில்லை. கோடு கோடாக, தன்பாட்டில், பேசாமல் இறங்கிக்கொண்டே போனது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, மூடியைப் போட்டார். நாற்பது நிமிஷம் அழுத்து அழுத்தென்று அழுத்தியது எதை, யாரை என்று அந்த நிமிஷம்தான் அவருக்கு முழுசாக உறைத்தது.

குழந்தை இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கம்பியையும் விடவில்லை.

"அப்பா, இன்னும் ஊத்தலையா?"

மனைவியைப் பார்த்தார். அது அவர் சொல்ல வேண்டிய பதில் என்று அவள் விட்டுவிட்டாள்.

"ஊத்தியாச்சு கண்ணு. முடிஞ்சிடுச்சு."

"பொய்," என்றாள் குழந்தை, கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டு.

அவர் காலி உருளையை அவள் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவள் ஒரு கையை மட்டும் கம்பியிலிருந்து எடுத்து, உருளைக்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பிறகு மற்றதை. மறு கையும் கம்பியை விட்டது. இரண்டு உள்ளங்கையிலும் கம்பியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. ஸ்பேனர் அந்தக் கைகளைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டபடி, பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கப் பார்க்க, சத்தமாக அழுதார்.